மனைவி பெயரில் ஒரு கடல் சாமந்தி

"அவ பேரை எதுக்கு வச்சீங்க?"

மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலேயே கேட்டாள். ஊசி இறங்கிக்கொண்டிருந்தது கணவருடைய சட்டைக் காலரில்.

"அவளுக்கு வைக்கலைம்மா. பிராணிக்கு வச்சேன்."

"பிராணிக்கு வைக்க அவ பேருதான் கெடச்சுதா?"

அவரைத் தெருவில் எல்லோரும் ஜாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆழ்கடலில் கிடைக்கும் கடல் சாமந்திகளை வகை பிரிப்பது அவர் வேலை. கடல் சாமந்தி பார்க்கத்தான் பூ. உண்மையில் பிராணி. கப்பல் வலையில் ஏறி, ஸ்பிரிட் ஜாடிக்குள் போனதும் நனைந்த கோணிப்பை மாதிரி சுருங்கிவிடும். அதைக் கீறி, உள்ளே இருக்கும் சதை மடிப்புகளைப் பார்த்து, இன்ன வகை என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதில் மூட்டை சுமந்தவன் முதுகு மாதிரி வளைந்துபோயிருந்தது அவர் முதுகு. அதற்குக் கூலி ஒன்று உண்டு. இதுவரை யாரும் காணாத வகையாக இருந்தால் அதற்குப் பெயர் வைக்கலாம். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் தொழிலில் அசிங்கம்.

போன மாதம் ஒரு புது வகை கிடைத்தது. அதை முதலில் பார்த்தவள் என்று ஆய்வுக்கூடத்து உதவிப்பெண்ணின் பெயரை வைத்துவிட்டார். வைத்தது தப்பில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தப்பு.

"அதை அழிச்சிட்டு என் பேரை வைங்க."

"முடியாதும்மா. முதல்ல வச்ச பேருதான் நிக்கும். பின்னாடி யார் வச்சாலும் செல்லாது. உலகம் பூரா இதான் சட்டம்."

"அப்ப முதல்ல வச்சவங்களுக்குத்தான் மதிப்பு?"

"ஆமா."

அவள் ஏனோ மெஷினைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அடுத்த நொடியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அந்தச் சட்டையைப் போட்டால் கழுத்தைப் பிடித்தது. அளவு தெரியாமல் தைப்பவள் இல்லை அவள்.

"அடுத்தது உன் பேர்தான்" என்று வாக்குக் கொடுத்தார். அடுத்து வந்ததன் படத்தை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். பழுப்பாக, உருண்டையாக இருந்தது.

"வேக வச்ச கிழங்கு மாதிரி இருக்கு. இதுவா நானு?"

"உள்ள கீறிப் பார்த்தா ரொம்ப அழகு."

"அப்ப வெளிய பார்த்தா சகிக்கலைங்கறீங்க."

அன்று அவருக்குச் சாப்பாடு ஆறித்தான் வந்தது.

அடுத்த முறை நல்ல சிவப்பில், நீள நீளக் கைகளோடு ஒன்று வந்தது. மனைவி முகம் கொஞ்சம் இளகியது. ஜாடிக்காரர் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். உற்சாகத்தில் பாடம் நடத்தினார்.

"இதுக்கு ஒரே துவாரந்தான் தெரியுமா? சாப்பிடறதும் அது வழியாத்தான், கழிவு போறதும் அது வழியாத்தான்."

மெஷின் நின்றது. "என் வாயைச் சொல்றீங்களா?"

"ஐயோ, எல்லாச் சாமந்திக்கும் அப்படித்தாம்மா!"

"அவளுக்கும் அப்படியா?"

"அவளுக்கும் அப்படித்தான். நானே திறந்து பார்த்தேனே!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அன்று சாப்பாடே வரவில்லை.

இனி வேறு வழியில்லை என்று ஆய்வுக்கூடத்தில் உதவிப்பெண்ணைக் கூப்பிட்டார். "ஏம்மா, கொஞ்ச நாளைக்கு நீ பின்கட்டு அறையில இரு. பழைய ஜாடியெல்லாம் தூசு தட்டி அடுக்கு."

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் இல்ல. வீட்டுல பொறாமை. பொம்பளைங்க புத்தியே அப்படித்தான். என்னைப் பாரு, எனக்கெல்லாம் அது வரவே வராது."

"நானும் பொம்பளைதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே கப்பலில் இருந்து ஒன்று வந்தது. பால் வெள்ளை. கை நுனியில் மட்டும் லேசான ஊதா. மனைவி படத்தைக் கையில் வாங்கி, ஊதா நுனியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"உள்ள மடிப்பு ஆறாறாப் போகுதா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஜாடிக்காரர் அசந்துபோனார். "ஆமா! உனக்கு எப்படித் தெரியும்?"

"மடிப்புத் தெரியாமலா இத்தனை வருஷம் பாவாடை தைக்கிறேன்? இதுக்கே வைங்க என் பேரை."

அன்று சூடாகச் சாப்பாடு வந்தது. மறுவாரமே காலர் தளர்ந்தது.

பெயருக்கு ஆய்வுக்கூடத் தலைவர் சம்மதம் தர வேண்டும். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவார். இந்தப் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க வீட்டம்மா முன்ன நம்ம கப்பலுக்கு வலை தச்சுக் குடுத்தவங்கதானே?"

"கல்யாணத்துக்கு முன்னாடிங்க ஐயா."

"நல்ல முடிச்சுப் போடுவாங்க. சரி, பின்கட்டுல பழைய ஜாடியோட ஒத்துப் பார்த்தாச்சா?"

ஒத்துப் பார்ப்பதென்றால் மாதக்கணக்காகும். அதுவரை ஆறின சாப்பாடா? "பார்த்தாச்சுங்க ஐயா" என்றார் ஜாடிக்காரர்.

"அப்படியா?" தலைவர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப சரி. இதைவிடப் பொருத்தமான பேர் இதுக்கு அமையாது."

பெயர் சூட்டுவதற்கு ஆய்வுக்கூடமே கூடியது. மனைவி புதுச் சேலையும் தானே தைத்த ரவிக்கையுமாக வந்தாள். தலைவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் அவரைப் பார்க்காமலேயே உட்கார்ந்தாள்.

ஜாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "பூவு, நகை எல்லாரும் வாங்கித் தருவாங்க. கடலுக்கு அடியில இருக்கிற ஒரு ஜீவனுக்கே பொண்டாட்டி பேரை வைக்கிறது சும்மா இல்ல. இவளுக்காக இந்தக் காரியத்தைச் செஞ்சவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது உதவிப்பெண் பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. கையில் ஒரு பழைய ஜாடி. உள்ளே சுருங்கிக் கிடந்தது ஒன்று; மேலே ஒட்டிய படத்தில் பால் வெள்ளையாக, ஊதா நுனியோடு அதே சாமந்தி.

"சார், இது புது வகை இல்ல! ரொம்ப வருஷம் முன்னாடியே கெடச்சிருக்கு. அப்பவே பேரும் வச்சாச்சு."

ஜாடிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். மனைவி பெயர் போனது. கையோடு சாப்பாடும் போனது, காலரும் போனது. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். தலைவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

உதவிப்பெண் ஜாடிக்காரர் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஆறுதலாகச் சொன்னாள்: "பயப்படாதீங்க சார், பேரை மாத்த வேண்டியதே இல்ல. பழைய பேரும் உங்க வீட்டம்மா பேருதான். வச்சது மட்டுந்தான் தலைவர் சார்."