எதிரில் யாரும் வராத சாலை

பெங்களூரு டிரைவர்கள் போலீசுக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. மழைக்கும் பயப்பட மாட்டார்கள், மாட்டுக்கும் பயப்பட மாட்டார்கள். உலகத்தில் அவர்கள் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவர் எங்கள் ஆபீஸ் டிரான்ஸ்போர்ட் அக்கா.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில், எங்களை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டுகிற கேப்களுக்கெல்லாம் அவர்தான் ராணி. கீழ்த்தளத்தில் கண்ணாடி அறை, மேஜையில் இரண்டு போன், கொண்டையில் மல்லிகைப்பூ. ஐம்பதைத் தாண்டிய வயது. அவருடைய தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்து, மாநில அரசு உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. தமிழர்களுக்கு அக்கா, மற்றவர்களுக்கு மேடம்.

ஒருநாள் நான் எதிரில் நிற்கும்போது தாமதமாகிப்போன டிரைவர் ஒருவன் போனில் மாட்டினான்.

"சிக்னல்ல நிக்கறேன் மேடம்."

"எந்த சிக்னலு?"

"பொம்மனஹள்ளி மேடம்."

அக்கா போனைக் காதில் அழுத்தி, அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கூர்ந்து கேட்டார். "பொம்மனஹள்ளி சிக்னல்ல யாருய்யா ஆம்லெட் போடறான்? தின்னுட்டு சீக்கிரம் வா."

எங்கள் ஜெனரல் மேனேஜருக்கு நடந்தது இதைவிட மோசம். அவருடைய கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. கேபில் ஏறப்போன நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. பேசியபடியே அப்படியும் இப்படியும் நடை போட்டார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். வண்டியின் பானட்டைத் தட்டினார். வண்டி போய்விட்டது.

"நான் யாருன்னு தெரியுமா?" என்றார் மேனேஜர், ஆங்கிலத்தில்.

"தெரியும் சார். ஆறரை மணி ஜெயநகர் ரூட்டு. அடுத்த வண்டி எட்டு மணிக்கு" என்றார் அக்கா, அதே ஆங்கிலத்தில்.

நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மேனேஜர் எட்டு மணி வரை வரவேற்பறையில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்தார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை எங்கள் கேன்டீன் மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, என் கையில் இருந்த இட்லி சாம்பாரில் விழுந்தது.

நாங்கள் மூன்று பேர். நான் திருவண்ணாமலைக்காரன். முரளி வேலூர்க்காரன், அப்போதுதான் ஒரு செகண்ட்ஹேண்ட் கார் வாங்கி அதைத் தினமும் பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவன். கிரீஷ் உள்ளூர்க் கன்னடக்காரன். சென்னைக்குப் போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருக்கும் பிரபலமான ரேஸ் டிராக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் க்ளப்காரர்கள் சாதாரண ஆட்களையும் சொந்தக் காரில் சுற்ற விடுகிறார்கள் என்று முரளி துப்பு கொண்டுவந்திருந்தான். அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"அந்த ரேஸ் ரோட்டுல எல்லாரும் ஒரே பக்கமாதான் போவாங்களா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா" என்றான் முரளி.

"சரி. நானும் வர்றேன்."

"நீவும் பர்த்தீரா மேடம்?" நீங்களுமா வருகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டான் கிரீஷ். குரல் கீச்சென்று வந்தது.

"ஏன், வண்டில இடமில்லையா?"

இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவுக்குப் பிடிக்காதவர்கள் தினமும் கடைசி ஆளாகத்தான் வீட்டில் இறக்கப்படுவார்கள். ஒருமுறை அவர் புடவையைப் பற்றி ஜோக்கடித்த முரளி, இரண்டு வாரம் பெங்களூரு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீடு சேர்ந்தான். எனவே இடம் நிறைய இருக்கிறது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

ஞாயிறு விடியும்போது அவரை ஏற்றிக்கொள்ளப் போன இடத்தில் அடுத்த அதிர்ச்சி. புடவையைத் தவிர வேறு எதிலும் நாங்கள் பார்த்திராத அக்கா, மாம்பழ நிறச் சுடிதாரில், வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு, கையில் ஒரு பெரிய டிபன் கேரியருடன் நின்றார். கொண்டையில் பூ மட்டும் அப்படியே இருந்தது.

பின் சீட்டில் உட்கார்ந்தாரே தவிர, வண்டியை அவர்தான் ஓட்டினார், வாயால். "லெஃப்ட்ல சைக்கிளு. தெரியுதா, தெரியலையா? தெரிஞ்சா தலையை ஆட்டு." முரளி கிருஷ்ணகிரி வரை தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினான்.

அந்த நாளில் நாற்கரச் சாலை வேலை பாதி முடிந்தும் முடியாமலும் கிடந்தது. ஆம்பூரைத் தாண்டி ஒரு திருப்பத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ராங் சைடில் நேராக எங்கள் மூக்குக்கு வந்தது. முரளி வெடுக்கென்று ஒடித்துத் தப்பித்தான். சரி, இப்போது அக்கா கண்ணாடியை இறக்கி அந்த டிராக்டர்காரனின் பரம்பரையையே கழுவப் போகிறார் என்று நான் ஆசையோடு திரும்பினேன்.

அவர் என் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

டிராக்டரை விட அதுதான் என்னை உலுக்கிவிட்டது. ஜெனரல் மேனேஜரைத் தெருவில் விட்ட அக்காவா இது?

வேலூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

"எங்கிட்ட லைசென்ஸு இருக்கு, தெரியுமா? தவறாம ரினியூ பண்றேன். கத்துக்கிட்ட புதுசுல, ஒரு லாரிக்காரன் இப்படித்தான் ராங் சைடுல வந்தான். ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு நான் கண்ணை மூடிட்டேன்டா. அவன் ஒதுங்கிப் போயிட்டான். நான் போயி இளநி வண்டில மோதினேன். யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா அதுக்கப்புறம், எதிர்ல யாராச்சும் வந்தா கண்ணு தானா மூடிக்குது. வண்டிய விட்டுட்டேன்."

கிரீஷ் சிரிக்க வாயெடுத்தான். நல்லவேளை, சிரிக்கவில்லை.

"போன மாசம், பட்டப்பகல்ல, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. வாசல்ல காரு. சாவி ஆணில தொங்குது. லைசென்ஸு என் பையில. நான் இன்னா பண்ணேன்? தெருமுனைல நின்னு ஆட்டோ ஆட்டோன்னு கத்தறேன். ஊருக்கெல்லாம் வண்டி அனுப்பறவ." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நல்லாதான் இருக்காரு இப்ப. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தான்னு டாக்டர் ஆரம்பிச்சாரு. போதும் சார், சொல்லாதீங்கன்னுட்டேன்."

கிரீஷ் போய் அவருக்கு இன்னொரு டீ வாங்கி வந்தான்.

"எதிர்ல ஆளே வராத ரோடு இந்த நாட்டுல எங்கடா இருக்கு? கேன்டீன்ல நீங்க பேசினப்பதான் தெரிஞ்சுது. அங்க ஒருவாட்டி ஓட்டிப் பாத்துட்டா, பேஜாரு தீந்துடும். குடுப்பியா முரளி, வண்டிய?"

தன் காரை இன்னொருவன் தொட்டாலே துடைக்கிறவன் முரளி. அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

டிராக்கில் ஒரே சத்தம், பெட்ரோல் வாசனை, வெயில். முரளியும் கிரீஷும் முதலில் ஓட்டிவிட்டு முகமெல்லாம் பல்லாக இறங்கினார்கள். பிறகு அக்கா போய் வரிசையில் நின்றார். முன்னாலும் பின்னாலும் இருபது வயசுப் பையன்கள். ஹெல்மெட் கொண்டைக்கு மேல் இறங்க மறுத்தது. பூவைக் கழற்றி, முரளியின் காருக்குள் கண்ணாடியில் சுற்றிவிட்டு, கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டார்.

க்ளப் அதிகாரி கொடிகளைப் பற்றி விளக்கிவிட்டு, சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

"எதிர்ல யாரும் வர மாட்டாங்க இல்ல?" என்றார் அக்கா.

"மேடம், இது ரேஸ் டிராக்."

"அதனாலதான் கேக்கறேன். வருவாங்களா, மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க மேடம்" என்றார் அவர், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வி காதில் விழுந்தவர் போல.

கூட ஒருவர் உட்காரலாம் என்றார்கள். முரளியும் கிரீஷும் ஒரே நேரத்தில் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

முதல் சுற்றில் அக்கா ஒவ்வொரு வளைவுக்கும் இண்டிகேட்டர் போட்டார். ஹாரன் அடித்தார். சைக்கிளில் போயிருந்தால்கூட இன்னும் சீக்கிரம் போயிருப்போம். இரண்டு பக்கமும் கார்கள் உய்ங் உய்ங் என்று பறந்தன. ஓரத்தில் ஒருவர் நீலக் கொடியை வீசினார். அக்கா மரியாதையாகக் கை காட்டினார்.

"அக்கா, பின்னாடி வேகமா வர்றவங்களுக்கு வழி விடச் சொல்றாங்க."

"போவட்டும். நான் பிடிச்சா வெச்சிருக்கேன்?"

இரண்டாம் சுற்றில் இண்டிகேட்டர் நின்றது. பிறகு ஹாரன் நின்றது. அப்புறம் அந்த நீளமான நேர்ப் பாதை வந்தது. அக்கா காலை அழுத்தினார். ஸ்பீடோமீட்டர் முள் ஏறியது. நான் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முள் இன்னும் ஏறியது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு வினோதமான ஒலி வந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா சிரித்து நான் கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டேய், யாருமே வரலடா!"

அப்படிச் சொல்லி முடித்தாரோ இல்லையோ, முன்னால் போய்க்கொண்டிருந்த சிவப்புக் கார் ஒன்று வளைவில் வழுக்கியது. பம்பரமாகச் சுற்றியது. புழுதி எழுந்தது. புழுதி விலகியபோது அந்தக் கார் நடு டிராக்கில், இரண்டு விளக்கும் எங்களைப் பார்க்க, நேர் எதிரில் நின்றது.

கண்ணை மூடியது நான்தான்.

டயர் அலறியது. வயிறு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். கார் புல்லில் இறங்கிக் குதித்து, குதித்து, நின்றது. நான் கண்ணைத் திறந்தபோது சிவப்புக் கார் எங்களுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு காரிலும் ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் சீட்டில் அக்காவும் இல்லை.

அவர் இறங்கிப் போய்விட்டிருந்தார். சுற்றிலும் சிவப்புக் கொடிகள் ஆடின, விசில்கள் ஊதின. அந்தக் காருக்குள் ஒரு இளைஞன் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான். அக்கா கதவைத் திறந்து, "அடி கிடி பட்டுச்சா? கையை ஆட்டு. கழுத்தைத் திருப்பு. இந்தப் பக்கம்" என்றார். அவன் எல்லாவற்றையும் ஆட்டினான். முழுசாக இருக்கிறான் என்று தெரிந்த அடுத்த நொடியில் ஆரம்பித்தார்.

"ஏன்டா, ஒன்வேல எதிர்ல வந்து நிக்கறியே, நினகே கண்ணு காணல்வா, கண்ணு தெரியலையா? எந்த ரூட்டுடா நீ? யாரு உன்ன வண்டில ஏத்தினது?"

"ஆன்ட்டி, ஸ்பின் ஆயிடுச்சு ஆன்ட்டி…"

"ஸ்பின்னாம்! மிக்சியா இது?"

அதற்குள் க்ளப் அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். "மேடம், டிராக்ல இறங்கவே கூடாது மேடம்!"

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "எதிர்ல வர மாட்டாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அவர் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு சிவப்புக் காரைத் திரும்பிப் பார்த்தார்.

எங்களைப் புல்வெளியிலிருந்து தடுப்புக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அக்கா தரையில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேரா எதிர்ல வந்தான்டா" என்றார்.

"ஆமாக்கா."

"பாத்துக்கிட்டே இருந்தேன்டா. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்." சொல்லிவிட்டு அழுதார். ஐந்து நிமிஷம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, "புளியோதரை கெட்டுடும், வாங்க சாப்பிடலாம்" என்று எழுந்தார்.

திரும்பும்போது ஓசூர் வரை முரளி ஓட்டினான். ஓசூர் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு கை முன்னால் நீண்டது. "இது எங்க ஊரு. சாவிய குடு."

ஓசூர் ரோட்டின் ஞாயிற்றுக்கிழமை சாயந்தர நெரிசலை அனுபவித்தவர்களுக்குத்தான் எங்கள் நிலைமை புரியும். எதிரில் எருமை வந்தது, தண்ணி லாரி வந்தது, ஒரே ஸ்கூட்டரில் ஒரு முழுக் குடும்பம் வந்தது. அக்கா ஒவ்வொருவரையும் நன்றாகப் பார்த்து, பார்த்துப் பார்த்துத் திட்டி, என்னை ஹெப்பகோடியில் என் பி.ஜி. விடுதி வாசலில் இறக்கிவிட்டார்.

அவர் வீட்டில் நடந்ததை மறுநாள் முரளி சொன்னான். கேட்டைத் திறந்த கணவர், டிரைவர் பக்கக் கதவிலிருந்து மனைவி இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு சொன்னாராம். "நம்ம வண்டி ஓட்டாமக் கெடந்து பேட்டரி டவுனா இருக்கும். காலைல சார்ஜ் போடச் சொல்றேன்."

அடுத்த வருஷம் எனக்கு ஊரில் கல்யாணம். 'டிரான்ஸ்போர்ட் அக்கா' என்றே உறையில் எழுதிப் பத்திரிகை வைத்தேன். கிருஷ்ணகிரிக்கு அப்புறம் திருவண்ணாமலை வரை அப்போதெல்லாம் எதிரெதிரே லாரி உரசிக்கொண்டு போகிற குறுகல் ரோடு. பஸ்ஸில் வருவார், வந்தால் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மண்டபத்து வாசலில் விடாத ஹாரன் சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தெருவை அடைத்துக்கொண்டு ஒரு பழைய கார். ஸ்டியரிங்கில் பட்டுப்புடவையோடு அக்கா. பக்கத்தில் அவர் கணவர், மடியில் டிபன் கேரியரோடு.

மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று உள்ளே எல்லாரும் என்னைத் தேடினார்களாம். நான் மாலையும் கழுத்துமாகத் தெருவில் நின்று, "வாங்கக்கா… வாங்க… இன்னும் கொஞ்சம் வாங்க" என்று அவர் ரிவர்ஸ் எடுக்கக் கை காட்டிக்கொண்டிருந்தேன்.