இரண்டு இயக்குநர்கள், ஒரு முன்னறை

இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரே ஒரு முறையாவது என் பேச்சு வீட்டில் எடுபட வேண்டும். அதற்காகத்தான் லாப நோக்கமில்லாத கம்பெனி ஒன்றைத் தொடங்கினேன்.

கம்பெனியின் நோக்கம் நல்லதுதான். பழைய பாடப்புத்தகங்களைச் சேகரித்து, தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. என் நோக்கம்தான் வேறு. முன்னறை! அங்கே என் மனைவி அன்புக்கரசியின் தையல் மெஷின் குடியிருக்கிறது. அது வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் என் மேசை, நாற்காலி, வாசலில் பெயர்ப்பலகை.

ஆடிட்டர் சசிதர் சட்டத்தை விளக்கினார்.

"இயக்குநர் ரெண்டு பேர் போதுங்க. லாபத்த யாரும் பங்கு போட்டுக்கக் கூடாது. எதுவானாலும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதோணும். ஓட்டு சமமா உழுந்தா, தலைவருக்கு இன்னொரு ஓட்டுன்னு விதியில எழுதிக்கலாமுங்க."

எனக்குப் புல்லரித்தது. நானும் அன்புக்கரசியும் இயக்குநர்கள். நான் வேண்டும் என்பேன், அவள் வேண்டாம் என்பாள். சமம்! அப்புறம் தலைவர் ஓட்டு.

வீடு அவள் பெயரில். அங்கே அலுவலகம் வைக்க ஆட்சேபணை இல்லை என்று அவள் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதமும் கம்பெனி விதிகளும் அடங்கிய காகிதக் கட்டோடு சமையலறைக்குப் போனேன்.

"ஏனுங்க, என்னைய எதுக்குங்க இயக்குநராப் போடறீங்க?"

"ஒரு மரியாதைக்குத்தான் அம்மணி."

"இங்க ஒரு கோடு காலியாக் கெடக்குதுங்க."

"உன்ற கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீயே நிரப்பிப்போடு."

நிரப்பினாள். கேஸ் சிலிண்டர் படிவமோ பேங்க் படிவமோ, அவள் விரல் வைக்கும் இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். படிக்கும் வழக்கம் கிடையாது. அன்றும் போட்டேன். ஆறு இடத்தில்.

கம்பெனி பதிவானது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டுமாம். தோசை சுட்டுக்கொண்டிருந்தவளிடம் எழுத்து மூலமாகவே தந்தேன். எட்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் கூடினோம்.

"தையல் மெஷின் பொடக்காளிக்குப் போகோணும். நான் ஆதரவு."

"நான் எதிர்ப்புங்க. பிள்ளைங்களுக்குப் புத்தகப் பை அதுலதானுங்க தெக்கோணும்?"

"ஒண்ணுக்கு ஒண்ணு சமம். இனித் தலைவர் ஓட்டு..."

"அதுவும் எதிர்ப்புத்தானுங்க."

"அத நீ எப்படிச் சொல்லுவே?"

விதிகளைப் புரட்டி என் முன் வைத்தாள். 'முதல் தலைவர்' என்ற கோட்டின் மேல், முத்து முத்தாக, அன்புக்கரசி. பக்கத்தின் அடியில் என் கையெழுத்து.

சசிதருக்குப் போன் போட்டேன். "தெரிஞ்சுதானுங்களே கையெழுத்துப் போட்டீங்க? எம்பட ஊட்டுல உங்க பெருந்தன்மையப் பத்தித்தானுங்க பேச்சு!"

என் முகத்தைப் பார்த்துத் தலைவருக்கே மனசு இளகியது. காபியை என் பக்கம் நகர்த்தினாள்.

"வெசனப்படாதீங்க. உங்களுக்கும் ஆபீஸ் வேணுமில்லீங்க? பொடக்காளியில வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல மேசை போட்டுக்கலாமுங்க. ரெண்டாந் தீர்மானம், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். அலுவலகத்துக்கு வெளியே பெயர்ப்பலகை தொங்க வேண்டும் என்பதும் சட்டம். தொங்குகிறது. மூன்றாம் தீர்மானப்படி, அதற்குக் கீழேதான் தினமும் துணி காயப்போடுகிறேன்.