வாய் முளைத்த போன்

“கை மட்டும் குண்டு, தோ பாயோ, அழைக்கிறார்.”

செய்தி வாசிப்பவரைப் போன்ற அந்தப் பெண் குரல் எங்கிருந்து வந்தது என்று சரசுவுக்கு முதலில் புரியவில்லை. அளவு கொடுக்கக் கைகளைத் தூக்கி நின்றிருந்த ருக்சார், சட்டென்று கைகளை இறக்கிக்கொண்டாள்.

“யாரக்கா சொல்லுது?”

“உன்ன இல்லம்மா. நீ உட்லண்ட்ஸ்தானே.”

தையல் மிஷின் மேலிருந்த போன் அதே பெயரை மறுபடியும் சொன்னது. சரசு பாய்ந்து எடுத்தாள். நேற்றுவரை வலது பக்கம் இருந்த பச்சைப் பொத்தான் இன்று இடது பக்கம் போயிருந்தது. பழக்கத்தில் வலதை அழுத்த, அழைப்பு அறுந்தது. அரை நிமிடம் கழித்து அதே குரல் இன்னும் நிதானமாக, “கை மட்டும் குண்டு, தோ பாயோ, அழைக்கிறார்” என்றது.

எல்லாம் அந்த அப்டேட் செய்த வேலை. நேற்று எம்.ஆர்.டி. ரயிலில் வரும்போது ‘புதுப்பிக்கவா?’ என்று கேட்டது. பாவம், கேட்கிறதே என்று ‘சரி’யை அழுத்தினாள். காலையில் பார்த்தால் கடிகாரம் ஒரு மூலைக்குப் போயிருந்தது, கேமராவைக் காணவில்லை, போனுக்கு வாய் முளைத்திருந்தது. யார் அழுதார்கள் இதற்கெல்லாம்?

சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் பதினெட்டு வருடமாக ரவிக்கை தைக்கிறவள் சரசு. அவள் போனில் பிரியா மட்டும் பதினாறு பேர். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா? அதனால் ‘முதுகு ஜன்னல் ஈசூன்’, ‘இடது தோள் இறக்கம்’, ‘இடுப்பு தெரியாத ஜூரோங்’ என்று அளவையும் அவர்கள் வசிக்கும் பேட்டையையுமே பெயராக வைத்திருந்தாள். போன் அடித்தால் அளவுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. இது தொழில். இதில் ஆத்திரம் எதுவும் கிடையாது, ஒரே ஒரு பெயரைத் தவிர.

“ரெடியானதும் போன் பண்றேன் ருக்சார்.”

“வேணாம்க்கா, போனும் வேணாம், மெசேஜும் வேணாம். நானே வந்து பாத்துக்கிறேன்லா” என்று கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ருக்சார் கிளம்பிவிட்டாள். கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று சரசு நினைத்தாள்.

அடுத்து வந்தவளும் ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு, “கூப்பிடாதீங்கக்கா, நானே வரேன்” என்றாள். இவளுக்கு என்ன வந்தது?

ஆனால் சரசுவின் கவலை அவர்களைப் பற்றியதல்ல. மூன்று மணிக்குக் குணவதி டீச்சர் வருகிறார். டீச்சரின் நடனப் பள்ளியில் டிசம்பர் ஆண்டு விழாவுக்கு அறுபது பிள்ளைகளுக்கு உடை தைக்க வேண்டும். தீபாவளி முடிந்தால் பொங்கல் வரை தேக்கா டைலர் கடைகளில் ஈ ஓட்டுகிற வேலைதான். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை தப்பிக்கும். கிடைக்காவிட்டால் அது கடைசி வரிசை நடேசன் கடைக்குப் போகும். நடேசன் ஒரு வாரமாக டீச்சர் வீட்டுக்கு முறுக்கு அனுப்பிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

டீச்சரும் காலையிலேயே மெசேஜ் போட்டிருந்தார். ‘மூணு மணிக்கு வரேன். நீங்க எனக்கு போன் பண்ண வேணாம்.’ அந்தக் கடைசி வரி சரசுவைக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. அந்த ஒரே ஒரு பெயர் டீச்சருடையதுதான். போன வருடம் ஒரே ரவிக்கையைப் பத்துத் தடவை பிரித்துத் தைக்க வைத்தார் டீச்சர். பத்தாவது தடவை விரலில் ஊசி ஏறியது. அந்த ஆத்திரத்தில் டீச்சரின் எண்ணுக்கு ‘பத்து தடவை பிரிச்ச பத்ரகாளி’ என்று பெயர் வைத்தாள் சரசு.

முதலில் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். ரிங்டோன் பாட்டுச் சத்தம் குறைந்தது, குரல் குறையவில்லை. லைனிங் துணிக் குவியலுக்கு அடியில் போனைப் புதைத்தாள். குவியல் பேசியது.

அணைத்துவிடலாம் என்று பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

“வணக்கம். என்ன உதவி வேண்டும்?” என்றது போன்.

“நீ வாய மூடணும்.”

“அந்தப் பெயரில் யாரும் இல்லை. ‘வாயாடி புக்கிட் பாத்தோக்’ என்பவரை அழைக்கவா?”

“வேணாம்” என்று அலறி, போனை மேசையில் வைத்துவிட்டு எட்டி நின்றாள்.

எதிரே வளையல் கடை வைத்திருக்கும் சாயிரா பானு சிரித்துக்கொண்டே வந்தாள். “இதுக்கா இந்தப் பாடு? என்கிட்ட காதுல மாட்டுறது இருக்கு. புளூடூத்ல போட்டுட்டா உங்க காதுக்கு மட்டும்தான் கேக்கும்.”

சரசு அதைக் காதில் மாட்டிக்கொண்டாள். பானு சரசுவின் போனில் எதையோ தட்டினாள். “ஆயிடுச்சுக்கா.”

ஆனது உண்மைதான். ஆனால் போன் போய்ச் சேர்ந்த இடம் சரசுவின் காது அல்ல. பானு தன் கடை வாசலில் பாட்டுப் போடத் தொங்கவிட்டிருந்த ஸ்பீக்கர்.

“இடுப்பு தெரியாத ஜூரோங் அழைக்கிறார்.”

மாடி முழுக்க எதிரொலித்தது. நடைபாதையில் போன நான்கு பெண்கள் நின்று தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். பானு ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்தாள்.

“ஏன்க்கா, பேர மாத்திட்டா போச்சு” என்றாள் மூச்சு வாங்க.

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று சரசு தலையில் அடித்துக்கொண்டாள். மணி இரண்டரை. முந்நூறு பெயரையும் மாற்ற நேரமில்லை, டீச்சர் பெயரை மட்டும் மாற்றினால் போதும். திருத்துகிற இடத்தைத் தேடிக் கிடைக்காமல், அதே எண்ணைப் புதிதாக ‘குணவதி டீச்சர்’ என்று பதிந்தாள். போன் உடனே கேட்டது: ‘ஒரே எண் இரண்டு பெயர்களில் உள்ளது. சரிசெய்யவா?’

“சரி பண்ணு ராசா” என்று அழுத்தினாள். சரியாகிவிட்டது என்று ஒரு பச்சை டிக் வந்தது. நாளெல்லாம் வராத நிம்மதி அப்போதுதான் வந்தது. தேநீர்கூட வாங்கிக் குடித்தாள்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, இரண்டு பெண்கள் துணியோடு காத்திருக்க, டீச்சர் வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, நிமிர்ந்த முதுகு. தைத்து வைத்திருந்த ரவிக்கையைத் திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“நல்லா உக்காந்திருக்கு சரசு. நடேசன் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. ஆனா அறுபது செட்டும் உங்ககிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன்.”

சரசுவுக்குக் கண் கலங்கியது. “ரொம்ப நன்றி டீச்சர்.”

“டிசைன் படம் நாலு இருக்கு. அனுப்புறேன்.”

“அனுப்ப வேணாம் டீச்சர், காட்டுங்க. போதும்.”

“காட்டினா எப்படி? தைக்கும்போது உங்க போன்ல இருக்க வேணாமா?” டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, போனைக் கைப்பையிலிருந்து பாதி மட்டும் வெளியே எடுத்து, எதையோ அழுத்திவிட்டு மறுபடியும் உள்ளே தள்ளினார்.

பெயர்தான் மாற்றியாகிவிட்டதே, பயமில்லை என்று சரசு தன்னைத் தேற்றிக்கொண்டாள். எதிர்க்கடையில் அதே நேரம் யாரோ வளையல் பார்க்க வந்தார்கள். ஒரு பாட்டுப் போடலாமே என்று பானு ஸ்பீக்கரைத் திறந்தாள்.

“குணவதி டீச்சர் பத்து தடவை பிரிச்ச பத்ரகாளி நான்கு படங்களை அனுப்பியுள்ளார்.”

இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒட்டித்தான் போன் சரிசெய்திருந்தது. முன்பாவது பத்ரகாளி யாரென்று ஊருக்குத் தெரியாது.

கடையில் காத்திருந்த இரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் ரவிக்கையை மடித்துப் பையில் வைத்தார்.

“டீச்சர், அது வந்து, போன் அப்டேட்டு...”

“போன் பேர் வைக்குமா சரசு? நீங்க வெச்சதத்தானே அது சொல்லுது.”

செய்த தப்பு தப்புதான். அவமானத்தில் சரசுவுக்குக் காது மடல் சுட்டது.

“முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு டான்ஸ் சொல்லிக் குடுக்கறேன்” என்றார் டீச்சர். குரல் உயரவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. “காலத் தப்பா வெக்கிற பிள்ளையக்கூட ஒரு பட்டப்பேர் சொன்னதில்ல. ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி பேர் வெச்சுக் கேலி பண்றது என் பழக்கத்துலயே கிடையாது. நடேசன் கடை எந்தப் பக்கம்?”

“இந்தாங்க, உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடுறேன் டீச்சர்.” சரசு டீச்சரின் பெயரைத் திறந்தாள். ‘அழி’ என்பது எப்போதும் கீழே வலது ஓரத்தில்தான் இருக்கும். கண்ணில் நீர் மறைக்க, அந்த இடத்தை ஓங்கி அழுத்தினாள்.

அந்த இடத்தில் அப்டேட்டுக்குப் பிறகு இருந்தது அழைக்கும் பொத்தான்.

டீச்சரின் கைப்பைக்குள்ளிருந்து, அதே செய்தி வாசிக்கும் பெண் குரல் தெளிவாகக் கேட்டது.

“‘நாளைக்கு வாங்க’ புளுகுமூட்டை சரசு அழைக்கிறார்.”

டீச்சர் பையை இறுக்கி அமுக்கினார். பை இன்னொரு முறை சொன்னது. காத்திருந்த இரண்டு பெண்களும் ஓசைப்படாமல் தங்கள் கைப்பைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

டீச்சர் மெல்ல வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி கேட்டார்.

“அறுபது பிள்ளைங்களையும் அளவெடுக்க எப்ப கூட்டிட்டு வரட்டும்?”

சரசு பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தாள்.

“அக்கா” என்றாள் எதிர்க்கடையிலிருந்து சாயிரா பானு, “அத மட்டும் சொல்லிடாதீங்க.”