ஆமையார் அருள்வாக்கு

கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் விடிந்தும் விடியாததுமாக நீண்ட வரிசை. குளியலறைக்கு அல்ல, ஆமைக்கு.

விஷயம் இதுதான். பிள்ளைகளைப் படிக்கவைக்க விலங்கியல் பேராசிரியை ஒரு விளையாட்டுப் போட்டி வைத்திருந்தார். வாராவாரம் இரண்டு மிருகங்கள் காகிதத்தில் மோதும். எடை, பல், வேகம், வசிப்பிடம் எல்லாம் படித்து, எது ஜெயிக்கும் என்று கணிக்க வேண்டும். பிறகு அவர் காரணத்தோடு தீர்ப்பு சொல்வார். அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு குறை, படிக்க வேண்டியிருந்தது.

அந்தக் குறையைப் போக்க வந்தவர்தான் மூன்றாமாண்டு 'ஜோசியர்'. பட்டுத்துணி விரித்த மேசையின் நடுவில் ஆய்வக ஆமையை விடுவார். இரு முனையிலும் மிருகங்களின் பெயர் எழுதிய அட்டைகள். ஆமை எதனிடம் போகிறதோ அதற்கே வெற்றி. காணிக்கை பிஸ்கட். ஆமைக்கு ஒரு துண்டு, மீதி ஆமையின் சார்பாக அவருக்கு. வாக்கு பெரும்பாலும் பலித்தது. பலிக்காத வாரம் பழி கூட்டத்தின் மேல். "யாரோ சந்தேகத்தோட நின்னிருக்கீங்க. ஆமையாருக்குப் பிடிக்கல."

ஆமையைப் பராமரித்தவள் ஒரு முதலாமாண்டுப் பெண். எதற்கெடுத்தாலும் ஏன் என்பாள், ஆகவே பட்டப்பெயர் 'கேள்வி'. அவளுக்குப் போட்டிக் கவலையே இல்லை. ஆமை சில நாளாகக் கீரையைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"அண்ணா, அதுக்கு பிஸ்கட் ஆகாது. விட்டுடுங்க, செத்துடும்."

"நானாம்மா குடுக்கறேன்? ஜனங்க ஆசையா குடுக்கறாங்க."

அறைத்தோழி முழங்கையால் இடித்தாள். "சும்மா இருடி. இன்னிக்கு இறுதிப் போட்டி. அது முடியட்டும்."

கரடியா, முதலையா? ஆமை இழுத்து இழுத்துக் கரடியிடம் போய்ச் சேர்ந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. கேள்வி ஆமையைத் தூக்கினாள். அதன் அடிவயிறு கதகதவென்றிருந்தது.

பல் கிட்டுகிற குளிர். ஆமைக்கு உடம்புக்குள் சொந்தமாக அடுப்பு கிடையாது, சூடு இருக்கும் இடம் தேடித்தான் போகும். முதல் வாரப் பாடம். அன்றைக்கு வகுப்பில் அவள் மட்டும்தான் விழித்திருந்தாள் போலிருக்கிறது.

"இன்னொரு தடவை விடலாமா அண்ணா?"

"ஆமையாரைச் சோதிக்கக் கூடாதும்மா."

"விடுங்க, பாப்போம்!" என்றது கூட்டம். இரண்டாம் ஆட்டம் இலவசமென்றால் யார் விடுவார்கள்?

கேள்வி கரடி அட்டையை எடுத்துவிட்டு, அங்கே 'வார்டன்' என்று எழுதி வைத்தாள். ஆமை நேராக வார்டன் அட்டைக்கே போனது.

"நியாயமான தீர்ப்பு! முதலையெல்லாம் அவங்க முன்னாடி நிக்க முடியுமா?" என்றது ஒரு குரல்.

அட்டைகளை இடம் மாற்றினாள். ஆமை அதே முனைக்கே போனது. இப்போது முதலைக்கு வெற்றி. சிரிப்பு நின்றது. கேள்வி பட்டுத்துணியைச் சுருட்டினாள். அடியில் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை.

"என் இடுப்பு வலிப் பை!" என்று வாசலிலிருந்து வார்டனின் அலறல்.

"அப்போ இத்தனை வாரம் எப்படி பலிச்சுது?" என்றது கூட்டம்.

ஜோசியர் தலை குனிந்தார். "படிச்சேன். படிச்சிட்டு, எது ஜெயிக்கும்னு தோணுதோ அதுக்கடியில பையை வைப்பேன்."

விடுதியே திகைத்துப் போனது. ஏமாற்றியதற்கல்ல, படித்ததற்கு.

பிஸ்கட் நின்றது. இரண்டு நாளில் ஆமை மெல்லக் கண் திறந்து ஒரு கீரையைக் கடித்தது. கேள்விக்கு அழுகையே வந்துவிட்டது. தோழி அவள் காதோரம் குனிந்தாள், ஆறுதல் சொல்லத்தான் என்று கேள்வி நினைத்தாள்.

"ஏன்டி, அந்த வெந்நீர்ப் பை எந்தக் கடையில கிடைக்கும்? அடுத்த போட்டிக்கு அந்தப் பைகிட்டயே கேட்டுடலாமே!"

சூடு எந்தப் பக்கம் என்று ஆமை யாரிடமும் போய்க் கேட்கவில்லை, தானே தேடிக்கொண்டது. நாம்தான், அன்பர்களே, கழுத்துக்கு மேல் அவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு ஆமையிடம் வரிசையில் நிற்கிறோம்.