சற்றுமுன் அண்ணை ரீச்சரைச் சாகடித்த கதை

டென்மார்க்கில் தமிழருக்கு ஏதாவது நடந்தால் அதை ஒன்பது நாட்களுக்குள் உலகுக்கு அறிவித்துவிடக்கூடிய ஒரே மனிதர் சற்றுமுன் அண்ணைதான். நடக்காவிட்டாலும் அறிவித்துவிடுவார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அது சங்கத்தின் பதிவேட்டில் தூங்குகிறது. நாங்கள் வியாழக்கிழமை ஒளிப்பதிவு செய்து சனிக்கிழமை ஒளிபரப்பிய செய்தியில், திரையின் அடியில் சிவப்புப் பட்டை ஒன்று ஓடும். அதில் ‘சற்றுமுன்’ என்று எழுதியிருக்கும். பட்டையைச் செய்து தந்தவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அதை நிறுத்த எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே போன கிழமை நடந்த பூப்புனித நீராட்டு விழாவும் சற்றுமுன்தான், பொங்கல் வாழ்த்தும் சற்றுமுன்தான், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியும் சற்றுமுன்தான். செய்தி வாசித்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

தொலைக்காட்சி நிலையம் என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஹோர்சன்ஸ் நகரில் மூடிவிட்ட பள்ளிக்கூடம் ஒன்றின் நிலவறை அது. இந்த நாட்டில் நாலு பேர் சேர்ந்தால் சங்கம். அப்படிப்பட்ட சங்கங்களுக்கு உள்ளூர்த் தொலைக்காட்சியைப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை ஐந்து மணி புறா வளர்ப்போருக்கு, ஐந்தரை தமிழருக்கு, ஆறு மணி ஓய்வூதியர் பாடற்குழுவுக்கு. எங்கள் அரை மணி நேரத்தின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர் என்று பதினொரு பேர் கை உயர்த்துவார்கள். வேலை செய்ய மூன்று பேர் இருந்தோம். வாசிக்கச் சற்றுமுன் அண்ணை. கமராவுக்கு நான். செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிக்கவும், அண்ணைக்குப் பவுடர் பூசவும் சாந்தி அக்கா. அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். அதனால் எங்கள் இருவரையும் சமாளிக்கத் தெரிந்திருந்தது.

நிலையத்தின் அழகையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் புறாச் சங்கத்தின் நீலத்துணி, அதில் பெரிய வெள்ளைப் புறா. அதைக் கழற்ற எங்களுக்கு உரிமை இல்லை. அதற்கு மேலே உலகப் படத்தைத் தொங்கவிட்டோம். படத்தின் நீளம் போதாமல் புறாவின் கால்கள் வெளியே தெரிந்தன. அண்ணை வந்து நடுவில் உட்கார்ந்தால் அவருடைய தலை சரியாக இலங்கையை மறைக்கும். பழைய துணிக் கடையில் எடுத்த கறுப்புக் கோட்டின் மார்புப் பையில் ஏதோ ஒரு குதிரையோட்டக் கழகத்தின் சின்னம். இடுப்புக்குக் கீழே, பிரெடெரிசியாவில் களஞ்சிய வேலை முடிந்து ரயிலேறி வந்த கோலத்திலேயே, வெளிச்சத்தில் மினுங்கும் பட்டி வைத்த வேலைக் காற்சட்டை. விளக்கைப் போட்டதும் அந்தப் பட்டி மினுங்கி அவருடைய தாடைக்குக் கீழிருந்து ஒளியூட்டும். கலியாணச் செய்தியைக்கூட அவர் வாசித்தால் பயமாக இருக்கும்.

கமராவின் சிவப்பு விளக்கு செத்துப் பல வருடம். ஆகவே நான் வலது கையை உயர்த்தினால் அவர் திரையில் இருக்கிறார், இறக்கினால் முடிந்தது என்பது எங்கள் ஏற்பாடு. ஒருநாள், ஒளிப்பதிவை நிறுத்தும் பொத்தானை அமத்த வேண்டிய புறாச் சங்கத்து யென்ஸ் கோப்பி எடுக்கப் போய்விட்டார். அவர் வந்து தலையாட்டாமல் நான் கையை இறக்க முடியாது. நான் கையை இறக்காமல் அண்ணை கும்பிட்ட கையைப் பிரிக்க மாட்டார். நான்கு நிமிடம். அந்தச் சனிக்கிழமை டென்மார்க், ஒரு மனிதர் சிரித்தபடி அசையாமல் கும்பிட்டுக்கொண்டிருந்ததை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லலாம். பார்த்தது யார் என்பதுதான் கேள்வி. அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் எங்களுக்கு நேயர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் காட்டும்படி ஒரு வசந்த காலத்தில் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

நான் உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. வளர்ந்த பிள்ளைகள் டேனிஷில் பதில் சொல்கிறார்கள், வளராத பிள்ளைகள் பதிலே சொல்வதில்லை, பெரியவர்களுக்கு உலகத்துச் செய்தியெல்லாம் கைபேசியில் வந்து கொட்டுகிறது. ஒருவரும் இல்லாத கிணற்றுக்குள் நின்று நாங்கள் மூவரும் கிழமைக்குக் கிழமை கத்திக்கொண்டிருந்தோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தனை வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட நான் என் வீட்டில் எங்கள் செய்தியைப் போட்டுப் பார்த்ததில்லை.

“விடுங்கோ அண்ணை, செய்தது காணும்” என்றேன்.

அவர் கடிதத்தை மடித்தார். “தம்பி, களஞ்சியத்திலை காதுக்குள்ளை ஒரு மிசின் கிடக்கு. எந்தத் தட்டு, எத்தினை பெட்டி எண்டு அது சொல்லும், நான் எடுத்து வைப்பன். கிழமை முழுக்க எனக்கு ஒருத்தன் சொல்லுறான். வியாழக்கிழமை மட்டுந்தான் நான் சொல்லுறன். அதையும் விடச் சொல்லுறீரோ?”

அடுத்த வியாழக்கிழமையும் நான் கமராவுக்குப் பின்னால் நின்றேன்.

அண்ணை நேயர் வேட்டையில் இறங்கினார். கோயில் திருவிழா, கலியாண மண்டபம், ரயில் மேடை, எங்கே தமிழ் முகத்தைக் கண்டாலும் விடமாட்டார். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “ஓம் ஓம், கட்டாயம் பாக்கிறனாங்கள்.” அண்ணை அத்தோடு விட்டால்தானே.

“அப்பிடியே. போன சனி நான் கழுத்திலை என்ன நிற ரை கட்டினனான்?”

“நீலம்.”

“நான் ரை கட்டுறேல்லை.”

ஆட்கள் அவரைக் கண்டால் ரயிலில் பெட்டி மாறத் தொடங்கினார்கள். கடைசியில் டோஸ்ட்ருப்பில் இருக்கும் மகளுக்கே எங்கள் முன்னால் தொலைபேசி எடுத்தார். மகள் டேனிஷில் சொன்னது ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது. அப்பா, அதை ஒருவரும் பார்ப்பதில்லை. அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டு, “வேலை கூடவாம், நேரமில்லையாம்” என்று எங்களுக்கு மொழிபெயர்த்தார். சாந்தி அக்கா பவுடர்ப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் அண்ணை கிர்ஸ்டன் ரீச்சரைச் சாகடித்தார்.

எங்கள் வயதுத் தமிழர் முக்கால்வாசிப் பேருக்கு டேனிஷ் சொல்லிக்கொடுத்தவர் கிர்ஸ்டன். வெறும் கிர்ஸ்டன் என்று கூப்பிடுங்கள் என்று முப்பது வருடமாகக் கெஞ்சினார். நாங்கள் முப்பது வருடமாக ரீச்சர் என்றே கூப்பிட்டோம். டேனிஷில் ‘கோ’ என்றால் போவது. அதன் வாலில் ஒரு சின்னச் சொல்லை ஒட்டினால் போகிற இடமே மாறிவிடும். ‘கோ ஆ’ என்றால் வேலையை விட்டுப் போவது. ‘கோ போட்’ என்றால் உலகத்தை விட்டுப் போவது. கிர்ஸ்டன் ரீச்சர் இதைக் கரும்பலகையில் எழுதி எழுதி எங்களுக்குச் சொல்லித் தந்தார். அண்ணை முன்வாங்கில்தான் இருந்தார்.

உள்ளூர்ப் பத்திரிகையில், கிர்ஸ்டன் ‘கோ ஆ’ என்று வந்திருந்தது. ரயிலில் நின்றபடி அதை வாசித்த அண்ணை கண்ணீரோடு வந்து சேர்ந்தார்.

“ரீச்சர் எங்களை விட்டுப் போட்டா.”

படத்தையும் பத்திரிகையிலிருந்தே எடுத்தோம். அதில் ரீச்சர் டேனிஷ் கொடி குத்திய கேக்கை வெட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். “பழைய படம் போலக் கிடக்கு” என்றார் அண்ணை. கேக்குக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, மேலே மாலை போட்டு, அமரர் கிர்ஸ்டன் என்று எழுதினோம். அடியில் பட்டை சற்றுமுன் என்று ஓடியது. அண்ணை தழுதழுத்த குரலில் வாசித்தார். ‘எமக்கு இந்நாட்டு மொழியைப் பிழையறக் கற்பித்த பெருந்தகை’ என்ற இடத்தில் அவரால் தொடர முடியவில்லை. கையை உயர்த்திக்கொண்டு நின்ற நானும் அழுதேன். என்னுடைய டேனிஷும் அந்த அளவுதான்.

ஞாயிறு காலை ரீச்சருக்குக் கடைசி மரியாதை செலுத்த மூவரும் போனோம். தெருவில் கார் நிறுத்த இடம் இல்லை. நாற்பது பேருக்கு மேல், வெள்ளை உடுப்போடு, மலர்வளையங்களோடு வாசலில் நின்றார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் டேனிஷ்காரர் வீட்டு மணியை ஒருவர் அடித்தாலே விசித்திரம். கதவு திறந்தது. தோட்டக் கையுறையோடு ரீச்சர் நின்றார்.

ரீச்சர் எங்களைப் பார்த்தார், வளையங்களைப் பார்த்தார், அவருடைய கண் நிறைந்துவிட்டது. தான் ஓய்வுபெற்றதை வாழ்த்த வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். எல்லோரையும் தோட்டத்துக்குள் கூப்பிட்டார். கோப்பை போதாமல் பூச்சாடியிலும் கோப்பி வந்தது. ஆட்கள் அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார்கள். “அழாதீர்கள், நான் வேலையைத்தானே விட்டேன்” என்று அவர் ஆறுதல் சொன்னார். உண்மையைச் சொல்லும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை. அப்படியே விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அண்ணை நேர்மையான மனிதர். எழுந்து நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ரீச்சர் கையுறையைக் கழற்றினார்.

“எல்லோரும் சொல்லுங்கள். கோ ஆ.”

வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக நாற்பது பேர் அந்தத் தோட்டத்தில் நின்று, “கோ ஆ” என்றோம்.

“கோ போட்.”

“கோ போட்.”

“இப்போது நான் எது?”

“ஆ” என்றார்கள் எல்லோரும். அண்ணையின் சத்தம்தான் கூடக் கேட்டது.

திரும்பி வரும்போது அண்ணை வெட்கத்தில் குனிந்திருப்பார் என்று நினைத்தேன். அவருடைய முகம் பிரகாசமாக இருந்தது. “தம்பி, எண்ணினனீரோ? நாப்பத்திமூண்டு பேர். எல்லாரும் எங்கட செய்தியைப் பாத்துத்தானே வந்தவை.”

அதுதான் உண்மை. வேறு எங்கும் அந்தச் செய்தி வரவில்லை, வரவும் முடியாது. அண்ணை கேட்டுக்கொண்டபடி ரீச்சர் ஒரு கடிதமும் எழுதித் தந்தார். இந்த நிலையத்துக்கு நேயர்கள் இருக்கிறார்கள், என் மரணச் செய்தியைக் கேட்டு நாற்பத்துமூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள் என்று அதில் இருந்தது.

“அண்ணை, உதை அனுப்பாதேங்கோ.”

“ஏன்?”

“உயிரோடை இருக்கிறவவைச் செத்தவ எண்டு சொன்னனாங்கள். அதுக்கு உதுதானே சாட்சி.”

“நேயர் இருக்கினம் எண்டதுக்கும் இதுதான் சாட்சி. வேறை என்ன கிடக்கு எங்களிட்டை?”

அண்ணை கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. நேயர்கள் இருப்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருக்கிறது. அந்த நேயர்களுக்கு, உயிரோடிருக்கும் ஒருவர் இறந்துவிட்டதாக அறிவித்த நிகழ்ச்சிக்கு அனுமதியைப் புதுப்பிப்பதற்கில்லை. சாந்தி அக்கா உரக்க வாசித்தார். முதல் வசனத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார் அண்ணை. இரண்டாவது வசனத்தைக் கேட்கவில்லை. பதினொரு உத்தியோகத்தரும் கூடி, தீர்மானம் எழுதி, தேநீர் குடித்துக் கலைந்தார்கள். எங்கள் அரை மணி நேரம் புறாக்களுக்குப் போயிற்று. உலகப் படத்தைக் கழற்றியபோது, இத்தனை காலம் அண்ணையின் தலையெண்ணெய் பட்டு இலங்கை முழுதாக அழிந்திருந்தது தெரிந்தது.

இப்போது சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு என் வீட்டு மணி அடிக்கும். அண்ணை பிரெடெரிசியாவிலிருந்து ரயிலேறி, அந்தக் கறுப்புக் கோட்டைப் பையில் கொண்டுவருவார். போட்டுக்கொண்டு, அணைத்து வைத்த தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்காருவார். நான் கையை உயர்த்தினால்தான் தொடங்குவார்.

“அன்பான நேயர்களே, வணக்கம்.”

தண்டவாள வேலை காரணமாக ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும். சாந்தி அக்காவின் மகன் வாகன ஓட்டுநர் பரீட்சையில் மூன்றாம் தரமும் தோற்றார். கடைசிச் செய்தி எப்போதும் ஒன்றுதான். “கிர்ஸ்டன் ரீச்சர் நலமாக இருக்கிறார். இதனை நாம் சற்றுமுன் உறுதிப்படுத்திக்கொண்டோம்.” உண்மைதான். என் வீட்டு வாசலில் நின்று ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

முதல் நாள் என் மகள் எட்டிப் பார்த்து, இவர் யாருடன் பேசுகிறார் என்று டேனிஷில் கேட்டாள். “நேயரோடை” என்றேன். அவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

செய்தி முடிந்ததும் அண்ணை கும்பிட்டபடி சிரித்துக்கொண்டு இருப்பார், நான் கையை இறக்கும்வரை. இப்போது யென்ஸ் இல்லை, அமத்துவதற்குப் பொத்தானும் இல்லை. எனக்கும் தோள்மூட்டில் வலி வந்துவிட்டது. ஆனாலும் நான் கையை உடனே இறக்குவதில்லை.