மண்டோர் உங்களை விரும்புகிறார்

அடுத்தவரை யாராவது பாராட்டினால் எனக்கு வயிறு எரியும். மருந்துக்கடை மாத்திரைக்கு அடங்காத எரிச்சல் அது. (பரம்பரை வியாதி என்கிறாள் என் மனைவி சுமதி. என் அப்பாவை அவள் பார்த்ததுகூட இல்லை.)

மலேசியாவில், கோலா சாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். அதே கம்பெனிக்கு லுக்குட் பக்கம் இருக்கும் தோட்டத்தில் கவிதா கிராணி. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் தன் தோட்டத்துக்கு ஒரு செயலியை வாங்க வைத்தாள். தோட்டத்து ஆட்கள் மட்டும் கூடிப் பேச, படம் போட, பிடித்ததற்குக் கட்டைவிரல் காட்ட. மாதாமாதம் சந்தா. அதற்குப் பிறகு எங்கள் மேனேஜர் வாயைத் திறந்தாலே கவிதா புராணம்தான்.

பொறுக்காமல் இணையத்தில் தேடினேன். இந்த மாதிரி செயலியை இப்போது யார் யாரோ விற்கிறார்கள். பெயரும் நிறமும்தான் வேறு, உள்ளே எல்லாம் ஒன்றே. அதில் ஒன்று இலவசமாகவே கிடந்தது. நிரலைத் திறந்தே வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். கவிதா காசு கொடுத்து வாங்கியதை நான் சும்மா கொண்டுவரப் போகிறேன் என்ற நினைப்பில் அன்று சோறு கூடுதலாக இறங்கியது.

"கவிதா வாங்குனதுல தமிழ் இல்ல, சார். இதுல நானே போட்டுடுவேன்," என்றேன் மேனேஜரிடம்.

"அப்ப செய்ங்க லா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். நீளமான வாக்கியங்களைச் சுருக்கினேன். ஒருவர் போட்ட படத்துக்கு இன்னொருவர் கட்டைவிரல் காட்டினால், 'இவர் உங்களை விரும்புகிறார்' என்று செய்தி போகும். ஒருவர் போடுவதையெல்லாம் தொடர்ந்து பார்க்க விரும்பினால், 'இவர் உங்களைப் பின்தொடர்கிறார்.' படித்துப் பார்த்தேன். தமிழ் அழகாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை எல்லார் கைப்பேசியிலும் செயலி ஏறியது. வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர் அந்தோணி, மாதா கோயிலில் வேதம் வாசிப்பவர். யார் மனமும் நோகக் கூடாதென்று கண்ணில் பட்ட எல்லாப் படத்துக்கும் கட்டைவிரலைத் தட்டினார். எல்லாரையும் பின்தொடரவும் செய்தார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம், மாரியப்பன் தன் மனைவி தேவியின் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"மண்டோர், என் சம்சாரத்த விரும்புறீங்களா?"

"என்னப்பா பேசுற?" என்றார் அந்தோணி.

"கம்பெனியே சொல்லுது லா. அவ பின்னாலயும் போறீங்களாம்."

இன்னும் சில கணவர்கள் முன்னால் வந்தார்கள். உரம் போடும் பிரிவில் இருந்த அந்தோணியின் மனைவி மேரி, வாளியைக் கீழே வைத்தார்.

"மொத்தம் எத்தன பேர விரும்புறீங்க?" என்று நிதானமாகக் கேட்டார்.

எண்ணிப் பார்க்க அந்தோணி கைப்பேசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மாரியப்பனின் சொந்தக் கைப்பேசி மணியடித்தது. எடுத்துப் படித்தவர், மண்டோரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னையுமா?"

முதலில் சிரித்தது மேரிதான். பிறகு பெரட்டே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்காமல் கைப்பேசியை எடுத்து ஒருவரை அழைத்தார். யாரை என்று சொல்லவும் வேண்டுமா?

கவிதா வந்தாள். எனக்கு வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் என் தமிழைத் திருத்திவிட்டாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கண்ணே. எங்க தோட்டத்துக்கும் இதையே எடுத்துக்கறேன்," என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மனதாரச் சொன்னாள். சந்தா மிச்சமானதில் மகிழ்ந்த கம்பெனி, அவளைச் சிரம்பான் அலுவலகத்துக்கு உயர்த்தியது. இப்போது அங்கேயே ரஹாங்கில் வீடு. (மாடி வீடு. நான் விசாரிக்கவில்லை, தானாகக் காதில் விழுந்தது.)

போன மாதம் என் மகள் நிச்சயதார்த்தம். பெண்ணைப் பையனுக்குப் பிடித்திருக்கிறது என்றார் பையனின் அம்மா. சுமதி விடவில்லை.

"விரும்புறாரா, பின்தொடர்றாரா? எங்க வீட்டுல அதத் தெளிவா கேட்டுக்குவோம்."

கூடம் குலுங்கியது. முன்வரிசையில் இருந்த அந்தோணி கையைத் தூக்கினார். "இந்தத் தடவ நான் எதையும் தட்டல லா," என்றார். சிரிப்பு இரண்டு மடங்கானது. எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் இப்போது அவரைத்தான் முதலில் அழைக்கிறார்கள். அந்த வரியை எழுதியவன் நான் என்பது யாருக்கும் நினைவில்லை.