முதல் அடிக்குச் சாட்சி

மூக்கடைப்பு இருந்தும், ஒரு கை சட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தும், ஐந்தாம் மாதம் குப்புறப் புரண்டது. மூன்று தலையணைகளும் ஒரு போர்வைச் சுருளும் மதில் போல நின்றும், ஏழாம் மாதம் அவற்றின் மேல் ஏறிக் கட்டிலின் விளிம்பை எட்டிப் பார்த்தது. ஈறு வீங்கிக் காய்ச்சல் அடித்தும், எட்டாம் மாதம் கை தட்டியது. வீட்டிலுள்ள பெரியவர்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தும், ஒன்பதாம் மாதம் டிவி ரிமோட்டைக் கைப்பற்றி, அதன் சிவப்புப் பொத்தானைக் கடித்துப் பிய்த்தது.

இது ஒரு படைத்தளபதியின் வெற்றிப் பட்டியல் இல்லை. ஒரு கைக்குழந்தையுடையது. பஸ் நிறுத்தத்திலோ, பல் பிடுங்கக் காத்திருக்கும் நாற்காலி வரிசையிலோ, நீங்கள் கேட்காமலேயே ஒருவர் இந்தப் பட்டியலை உங்களிடம் ஒப்பித்திருக்கிறாரா? அப்படியானால் நீங்கள் ஒரு முதல்முறைக்காரரைச் சந்தித்துவிட்டீர்கள்.

முதல்முறைக்காரரை அடையாளம் காண்பது எளிது. குழந்தைக்கு வயது என்ன என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதர் "பத்து மாசம்" என்பார். இவர் "நாப்பத்து மூணு வாரம், ரெண்டு நாள்" என்பார். குழந்தை தும்மினால் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். இவர் கடிகாரத்தைப் பார்ப்பார். குழந்தை சும்மா படுத்து விட்டத்தைப் பார்ப்பதை நாற்பது நிமிடம் படம் எடுப்பார். பொறுமையிழந்து நிறுத்தி, போனைப் பையில் போடுவார். அந்த நொடியில் குழந்தை முதல்முறையாக வாய்விட்டுச் சிரிக்கும். இவர் போனை உருவி எடுத்து, "இன்னொரு தடவை சிரிடா கண்ணா, இப்ப சிரிச்சியே அதே மாதிரி" என்று கெஞ்சுவார். குழந்தை அழும். அதையும் குறித்துக்கொள்வார்.

இந்த இனத்தில் பல ரகம் உண்டு. நாம் பார்க்கப்போகிறவர் முதல் ரகம். தொழில், லிப்ட் மெக்கானிக்.

தொழிலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. லிப்டைப் பழுது பார்க்கும் அறையில் ஒரு அட்டை தொங்கும். தேதி, நேரம், செய்த வேலை, மெக்கானிக் கையெழுத்து, கட்டடத்தைச் சேர்ந்த ஒருவர் கையெழுத்து என்று அதில் ஐந்து கட்டங்கள். ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வேலை நடக்கவே இல்லை என்று அர்த்தம். நீங்கள் உயிரைக் கொடுத்து, முழங்கை வரை கிரீஸ் அப்பிக்கொண்டு, அரை நாள் தொங்கியிருக்கலாம். ஐந்தாவது கட்டம் காலியா? நடக்கவில்லை.

பதினாறு வருடம் இப்படி வாழ்ந்தவருக்குக் குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து ஒரு நோட்டு தொங்கியது. நோட்டில் ஒரு நூல், நூலில் ஒரு பேனா. ஐந்து கட்டங்கள். ஐந்தாவது, சாட்சி. எழுதுகிறவரே சாட்சியாக இருக்கக்கூடாது என்பது சட்டம். வாய் வார்த்தை செல்லாது, கையெழுத்து வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

மூத்தவளின் நோட்டில் இருநூற்றுப் பதினெட்டுப் பதிவுகள். முதல் கொட்டாவி, முதல் விக்கல், ஃபேன் ஒன்று இருப்பதை முதன்முதலில் உணர்ந்தது, எல்லாம் உண்டு. அவர் மனைவி வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பவர். கையெழுத்துப் போட்டுப் போட்டு ஓய்ந்துபோய், "கல்யாணப் பதிவுக்குக்கூட நான் ஒரு தடவைதாங்க போட்டேன்" என்றார்.

ஆனால் அந்த நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நம்மவர் வேகமாகப் புரட்டிவிடுவார். அதில் இருப்பது மூத்தவளின் முதல் நடை. சாட்சிக் கட்டத்தில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன, ஒன்று மனைவியுடையது, மற்றது அவருடைய சொந்த அக்காவுடையது. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? ஒரு கட்டடத்தின் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், நின்றுபோன லிப்டுக்குள், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.

அக்கா லேசுப்பட்டவர் இல்லை. நான்கு வருடமாகப் போனில் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பார்: "என்னடா, நல்லா இருக்கியா? அன்னைக்கு உன் பொண்ணு நடந்தா பாரு, அடடா, அந்த நடை என் கண்ணுக்குள்ளேயே நிக்குதுடா. நீதான் பாக்கல, பாவம்."

தம்பியைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிற அக்காதான். தம்பியிடம் மட்டும் இப்படி.

ஆகவே இரண்டாவது பிறந்தபோது அவர் முடிவு செய்துவிட்டார். உலகமே தலைகீழாகப் போனாலும் சின்னவனின் முதல் அடியைத் தன் கண்ணால் பார்த்தே தீர்வது.

இதற்கு நடுவில் பெரியவளைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்தது. தம்பியின் வாயில் முதல் பல்லைப் பார்த்தவள் அவள்தான். தன் விரலைக் கொடுத்துக் கண்டுபிடித்தாள். ஓடிப் போய், தம்பிக்காகத் தொங்கிய புது நோட்டின் சாட்சிக் கட்டத்தில் ஒரு பூ வரைந்தாள். அப்பா வந்து பார்த்தார்.

"இது என்னடி செல்லம்?"

"சாட்சி. பல்லு நான்தான் பாத்தேன்."

"பூவெல்லாம் செல்லாதும்மா. பேரெழுதிக் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்கதான் சாட்சி."

இரண்டு நாள் கழித்து மனைவி பார்த்த பிறகுதான் பல் அதிகாரபூர்வமாக முளைத்தது. பெரியவள் அன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஏதோ கிறுக்க ஆரம்பித்தாள். முதல்முறைக்காரர்கள் முன்பக்கத்தை மட்டுமே பார்ப்பவர்கள்.

சின்னவனுக்குப் பத்தரை மாதம் ஆனபோது நாற்காலியைப் பிடித்து நின்றான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலை வேலையை மதியத்துக்கு மாற்றினார், மதிய வேலையைக் காலைக்கு மாற்றினார், சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்தார். "நான் இல்லாதப்ப நடக்க விட்றாதே" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி பிழை திருத்திக்கொண்டே "சரி, லெட்டர் எழுதி அவன்கிட்டயே குடுத்துடுங்க" என்றார்.

பெரியவளுக்கு அப்போது நீண்ட விடுமுறை. செருப்பை மாட்டிக்கொண்டே அவளிடமும் சொன்னார், பாதி விளையாட்டாகத்தான்: "தம்பி எந்திரிச்சு நடக்கப் பாத்தான்னா உக்கார வச்சிடு, சரியா? அப்பா வரணும், நோட்டை எடுத்து வைக்கணும், அப்புறம்தான் நடக்கணும்."

வாசகரே, குழந்தைகளிடம் பாதி விளையாட்டாக எதையும் சொல்லாதீர்கள். அவர்கள் மீதிப் பாதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சின்னவன் எழுந்து நிற்பான். நாற்காலியிலிருந்து கையை எடுப்பான். பெரியவள் ஒரு விரலை நீட்டி, "உக்காரு" என்பாள். பொத்தென்று உட்காருவான். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மறுபடி எழுவான், அக்காவைப் பார்ப்பான், "உக்காரு", பொத்து, சிரிப்பு. ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை. முதுகைக் காட்டி மேஜையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு, பிள்ளைகள் சண்டையில்லாமல் விளையாடுகிறார்கள் என்ற நிம்மதி. அதைக் கெடுத்துக்கொள்ள எந்த அம்மாதான் திரும்பிப் பார்ப்பார்?

மாலையில் அப்பா வருவார். தரையில் சம்மணம் போட்டு, நோட்டை மடியில் வைத்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வாடா ராஜா, வா வா" என்று இரண்டு கைகளையும் நீட்டுவார். நோட்டு இருப்பதால் பெரியவள் விரலை நீட்டமாட்டாள். ஆனால் சின்னவனுக்கு அதெல்லாம் தெரியுமா? எழுவான். அக்காவைத் தேடிப் பார்ப்பான். பொத்தென்று தானே உட்கார்ந்து, சிரித்து, கை தட்டுவான்.

பதினொரு மாதம் ஆனது. பதினொன்றரை ஆனது. அவருடைய ஆசை மெல்ல மெல்லப் பயமாக மாறியது. கீழ் வீட்டுக் குழந்தை, இவனைவிட மூன்று வாரம் இளையது, படியேறி வந்து இவர்கள் கதவைத் தட்டுகிறது. அவர் மகனைப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி நீட்டி, காதை வைத்துக் கேட்டார், லிப்டின் பேரிங்கைக் கேட்பது போல. ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லாததே அவருக்குக் கவலையாகிவிட்டது. தன் அக்கா போன் செய்தபோது எடுக்கவில்லை.

ஒரு வயதுத் தடுப்பூசிக்கு நால்வரும் கிளினிக்குக்குப் போனார்கள். வெளியே கிளம்பினால் வழக்கம் போல நோட்டு ஆணியிலிருந்து இறங்கி வண்டியில், டூல்ஸ் பெட்டிக்குள். ஊசி போட்டாயிற்று. சின்னவன் ஒரு நிமிடம் அழுதுவிட்டு நர்ஸின் கடிகாரத்தைப் பிடுங்கப் பார்த்தான். அட்டையில் முத்திரை வாங்க மனைவி அடுத்த கவுன்டருக்குப் போனார். நர்ஸ், இப்படி ஆயிரம் பேரைப் பார்த்த அம்மா, "நடக்கிறானா?" என்று கேட்டார்.

அவர் மகனின் முழங்காலைத் தடவினார். "இல்லைங்க. நிக்கிறான், உக்காந்துடறான். கால்ல ஏதாவது கோளாறு இருக்குமோன்னு..."

"ஒரு வயசுதானே, இன்னும் நாள் இருக்கு. இறக்கி விடுங்க, பாப்போம்."

சின்னவன் எழுந்தான். கைகளை விட்டு நின்றான். அக்காவைப் பார்த்தான். அக்கா விரலை நீட்டினாள். பொத்து.

"இன்னொரு தடவை." எழுந்தான், பார்த்தான், விரல், பொத்து. சிரிப்பு.

நர்ஸ் குழந்தையை விட்டுவிட்டுப் பெரியவளைப் பார்த்தார். "நீ எதுக்கும்மா அவனை உக்கார வைக்கிறே?"

"அப்பா இல்லாதப்ப நடக்கக்கூடாது. அப்பாதான் சொன்னாங்க. நான் ஒரு நாள்கூட விடல."

"இதோ அப்பா இங்கதானே இருக்காரு?"

பெரியவள், இதுகூடத் தெரியாதா என்பது போல அவரைப் பார்த்தாள். "நோட்டு வண்டியில இருக்கே."

அறையில் ஊசிக்குக் காத்திருந்த மற்ற பெற்றோர்கள் திரும்பினார்கள். நம்மவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றரை மாதம்! மகனுடைய காலில் கோளாறு தேடினாரே, கோளாறு இத்தனை நாளும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி, "போய் எடுத்துட்டு வேணா வாங்களேன், அதுக்கென்ன" என்றார்.

அவர் எழுந்தே விட்டார். ஆமாம், மறைப்பானேன்? சாவிக்கொத்தைக் கையில் எடுத்து, வாசல் வரை இரண்டு எட்டு வைத்தார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். பெரியவள் இன்னும் விரலை நீட்டியபடி காவல் இருந்தாள், தம்பி நகர்ந்துவிடாமல். வலித்த கையை மறு கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

சாவியைப் பையில் போட்டுத் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நோட்டு வேணாம்டா. தம்பி நடக்கட்டும்."

"நெஜமாவா? அப்புறம் எழுத முடியாதுப்பா."

"பரவாயில்ல. கையை இறக்கு."

அவள் விரலை மடக்கினாள். கொஞ்சம் யோசித்து, இரண்டு கைகளையும் தம்பியை நோக்கி நீட்டி, "வா" என்றாள்.

ஏழு அடி. அப்பாவின் பக்கம் ஒன்றுகூட இல்லை. எடை பார்க்கும் மேஜையைச் சுற்றிக்கொண்டு, நேரே அக்காவிடம். அந்த ஏழில் நான்கை அவர் நன்றாகப் பார்த்தார். மீதி மூன்று, கண்ணில் நீர் முட்டியதால் கலங்கலாகத்தான் தெரிந்தன. யாரோ கை தட்டினார்கள். மனைவி முத்திரை வைத்த அட்டையோடு வாசலுக்கு வந்தபோது, சின்னவன் அக்காவின் சட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன, நடந்துட்டானா? ஐயோ, நான் பாக்கலையே!"

அவர் வாயெல்லாம் பல்லாக, "நீ பாக்கல, பாவம்" என்றார். போனில் பேசும் தன் அக்காவின் அதே குரலில்.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில், பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து, நான்கு கட்டங்களையும் நிரப்பினார். ஐந்தாவதில் பேனா நின்றது.

"சாட்சி யாரு?" என்றார் மனைவி, ஒன்றும் தெரியாதவர் போல. "எழுதறவரே போடக்கூடாது. சட்டம் நீங்க போட்டதுதான்."

"நர்ஸம்மாவைக் கேக்கலாமா?"

"நான் போடறேன்" என்றாள் பெரியவள்.

"பூவெல்லாம்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கங்களைக் காட்டினாள். முதல் பக்கத்தில் கிறுக்கல். அடுத்ததில் கிறுக்கல் போன்ற எழுத்து. அதற்கடுத்து எழுத்து. பல் முளைத்த நாளிலிருந்து பத்துப் பக்கம், மேலிருந்து கீழ் வரை, அவள் பெயர்.

வண்டியின் சீட்டில் நோட்டை வைத்து, அசையாமல் அவர் பிடித்துக்கொண்டார். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். கட்டம் போதவில்லை, கடைசி எழுத்து வெளியே போய் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. சின்னவன் பேனாவைப் பிடுங்கப் பார்த்தான். அவள் ஒரு விரலை நீட்டினாள்.

இதையெல்லாம் படித்து, நல்லவேளை, நாம் இப்படி இல்லை என்று நினைக்கிறீர்களா? நோட்டு, நூல், பேனா எதுவும் உங்கள் வீட்டுச் சுவரில் இல்லைதான். ஆனால் உங்கள் போனைத் திறந்து, மூத்த பிள்ளைக்குக் கடைசியாக எப்போது படம் எடுத்தீர்கள் என்று பாருங்கள். அதிலும் அந்தப் பிள்ளை, நடுவில் நிற்கிற தம்பியையோ தங்கையையோ பிடித்துக்கொண்டு, பாதி முகம் வெட்டுப்பட்டு, ஓரத்தில்தானே நிற்கிறது? சரி, போனை மூடிவையுங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

நம்மவர் நோட்டை மூடப்போனார். மூடவில்லை. நான்கு வருடமாக மூத்தவளின் நோட்டில் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நோட்டு வீட்டில், அலமாரியின் அடியில் கிடக்கிறது. காத்திருக்க அவரால் முடியவில்லை. தம்பியின் நோட்டிலேயே, அவள் பெயருக்குக் கீழே, சாட்சிக் கட்டத்தில் மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு வரி எழுதினார்:

பெரியவள், முதல் கையெழுத்து. மே பதினேழு, காலை பதினொன்று நாற்பது.